நெல் குடோனில் மில்லேனியம் ஃபால்கன் காக்பிட்: முழு அளவு, நீடாமங்கலம் பக்கம்

கோரையாற்றங்கரை · ஏப்ரல் 19

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இது முதல் இழை.

நீடாமங்கலம் மூணாறு தலைப்புலேருந்து சைக்கிள்ல கால் மணி நேரம் நம்ம ஊரு. தாத்தா காலத்து நெல் குடோன் ஒண்ணு, 30க்கு 18 அடி. கஜா புயல்ல ஓடு பூரா பறந்துபோயி, 2018 நவம்பருக்கு அப்புறம் தகரம் போட்டோம். இப்ப நெல்லு களத்துலேருந்து நேரா கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுது. குடோன்ல இருக்கறது உடைஞ்ச பரம்புப் பலகையும் எலியும்தான்.

அதுக்குள்ள ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தோட காக்பிட்டை (பைலட் உக்கார்ற அறை) முழு அளவுல கட்டப் போறேன். சின்ன மாடல் இல்லை. உள்ள போயி உக்காந்து லீவரை இழுக்கணும். கையில 60,000 ரூபா இருக்கு, வெல்டிங் சுமாரா தெரியும், ஆர்டுயினோ (லைட், மோட்டார் எல்லாம் ஓட்டற சின்ன கன்ட்ரோல் போர்டு) கொஞ்சம் தெரியும். எங்க ஆரம்பிக்கறது?

அரைவேலி · ஏப்ரல் 19

தம்பி, அந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம். குடோன வாடகைக்கு விட்டா மாசாமாசம் வரும். அந்த லீவர இழுத்தா என்னா நடக்கும்?

கோரையாற்றங்கரை · ஏப்ரல் 19

லைட் எரியும் அண்ணே.

அரைக்கால்_அங்குலம் · ஏப்ரல் 20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. முதல் கேள்வி: எந்தப் படத்துக் காக்பிட்? 1977 படத்தில் வருவதும் 1980 படத்தில் வருவதும் ஒரே செட் அல்ல. இரண்டிலிருந்தும் படங்களைச் சேமித்துக்கொண்டு அளவெடுக்க உட்கார்ந்தால் எதுவும் எதோடும் ஒட்டாது. ஒன்றை முடிவு செய்யுங்கள், மற்றதைத் திறந்தே பார்க்காதீர்கள்.

அளவெடுப்பது பற்றி. நடிகர் உயரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். கப்பலை ஓட்டுபவராக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் ஏறத்தாழ 185 செ.மீ., பக்கத்தில் உட்காரும் சூபாக்கா வேடம் போட்ட பீட்டர் மேயூ 7 அடி 3 அங்குலம். ஆனால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் குனிந்து. அதை நம்பினால் அரையடி பிசகும். உண்மை விமானத்திலிருந்து வந்த சாமான் எதையாவது படத்தில் தேடுங்கள். விமான மீட்டர்களுக்கு நெடுங்காலமாக இருக்கும் பொது அளவு மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 79 மி.மீ. (என் பெயர்க் காரணம் இதுதான்.) அப்படி ஒரு வட்டம் நேராகத் தெரியும் காட்சி கிடைத்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் அளவுக்கு வந்துவிடும். கேமரா கோணத்தைப் பிடிக்க எஃப்ஸ்பை என்று இலவச மென்பொருள் இருக்கிறது, பிளெண்டர் என்ற 3டி வரையும் மென்பொருளோடு சேர்ந்து வேலை செய்யும்.

கோரையாற்றங்கரை · ஏப்ரல் 20

1977. முடிவு பண்ணியாச்சு. ஆறு சீட்டுக்கு எடம் பத்துமான்னுதான் யோசிக்கிறேன்.

அரைக்கால்_அங்குலம் · ஏப்ரல் 20

ஆறு சீட்டா? நீங்கள் பார்த்தது டிஸ்னிலேண்ட் படம். 2019 மே 31 அன்று கலிஃபோர்னியாவில் திறந்த சவாரியில்தான் ஆறு பேர் உட்காருவார்கள்: இரண்டு பைலட், இரண்டு கன்னர், இரண்டு இன்ஜினியர். படத்தில் நான்கே இருக்கை, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சேமித்து வைத்திருக்கும் படங்களில் பாதியையாவது இப்போதே அழித்துவிடுங்கள்.

பொன்மலை_ஓய்வு · ஏப்ரல் 22

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் ஃபிட்டர். படமெல்லாம் பார்த்ததில்லை, பேத்தி காட்டினாள். கட்டுமானம் மட்டும் சொல்கிறேன்.

மரச் சட்டத்தைத் தரையில் வைக்காதீர்கள். உங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் குடோனுக்குள் கணுக்கால் தண்ணீர் வராத வருஷம் உண்டா? தண்ணீர் வடிந்ததும் கரையான் வரும். ஒரு அங்குல எம்.எஸ். ஸ்கொயர் பைப், 16 கேஜ், அதில் அடிச்சட்டம். கீழே ஹாலோ பிளாக் வைத்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். அந்த இடைவெளியில்தான் ஒயர் ஓட வேண்டும், ஆனால் தரையில் அல்ல, சட்டத்தின் அடிவயிற்றில் கட்டி.

இரண்டாவது, எதையும் ஒரே துண்டாக வெல்டிங் வைக்காதீர்கள். எல்லாத் துண்டும் குட்டி யானையில் ஏறணும். அதன் தொட்டி 7 அடிக்குக் கொஞ்சம் கூட, அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைய. அதை மீறினால் நாளைக்கு வீடு மாறினாலும் விற்றாலும் கட்டர் வைத்து அறுக்க வேண்டியதுதான். போல்ட்டு நட்டு எல்லாம் ஒரே சைஸ், M8. ஒரே ஸ்பேனரில் மொத்தமும் கழல வேண்டும்.

பிளைவுட் 710 கிரேடு, அதுதான் தண்ணீர் தாங்கும். 303 வாங்கிவிட்டு இரண்டாவது மழையில் இங்கே வந்து அழாதீர்கள்.

கோரையாற்றங்கரை · ஏப்ரல் 29

அடிச்சட்டம் முடிஞ்சுது சார், M8 மட்டும்தான்.

இப்ப பிரச்சனை சாமான். வெளிநாட்டுல இந்தக் காக்பிட்டுக்குன்னே பேனல், குமிழ், பட்டன் எல்லாம் செஞ்சு விக்கிறாங்க. பைலட் பக்கத்துப் பேனலுக்கு மட்டும் விலை கேட்டேன். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தா நம்ம பட்ஜெட்டுல முக்கால்வாசி. அத வாங்கிட்டா மிச்சத்துக்கு அட்டைதான் ஒட்டணும்.

டவரா_செட் · ஏப்ரல் 29

கும்பகோணத்துல பாத்திரக் கடை வெச்சிருக்கேன். இந்தப் படத்த இருபது தடவையாவது பாத்திருப்பேன்.

ஏன் சார் வாங்கணும்? அந்த செட்டே காயலான் கடைதானே! லண்டன் பக்கத்துல எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுல கட்டுனாங்க. செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் பழைய விமான எஞ்சின், பிரிச்சுப் போட்ட பாகம்னு எடை போட்டு வாங்கியாந்து ஒட்டுனாரு. கையில காசு இல்ல, அதான் காரணம். அந்தக் கலை அமைப்புக்குத்தான் ஆஸ்காரும் கெடச்சுது. மினியேச்சர் செஞ்சவங்களும் கடையில விக்கிற டேங்கு, கார் மாடல் பெட்டிய ஒடச்சு ஒட்டுனவங்கதான். அப்படி ஒட்டுற குட்டிக் குட்டி சாமானுக்கு கிரீப்ளின்னு பேரே வெச்சாங்க.

அவங்க காயலான் கடையில பொறுக்குனத நீங்க புதுசா காசு குடுத்து வாங்கறது நகலா? மன்னார்குடி ரோட்டுல இருக்கற எந்தப் பழைய இரும்புக் கடைக்கும் போங்க, அதுதான் அசல்.

அரைக்கால்_அங்குலம் · ஏப்ரல் 30

கேட்க நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் பொறுக்கியது விமானக் கழிவு. படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஜெட் எஞ்சின் உள்பாகத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? அதனால்தான் அது விண்கலமாகத் தெரிந்தது. நீங்கள் டெல்டாவில் பொறுக்கினால் கைத்தெளிப்பான் மூடியும் மிக்ஸி ஜாரும் கிடைக்கும். உள்ளே வரும் முதல் ஆளே “ஏய், இது எங்க வீட்டு மிக்ஸி” என்பான். கப்பல் அத்தோடு தரையிறங்கிவிடும்.

டவரா_செட் · ஏப்ரல் 30

மிக்ஸி ஜார ஒட்டச் சொன்னது யாரு? மிக்ஸிய பிரிச்சு ஒட்டச் சொல்றேன். வெளிப்பக்கம் எல்லாருக்கும் தெரியும், உள்பக்கம் மெக்கானிக்குக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எடுக்கறதா இருந்தா: நெல்லு அரைக்கற மில்லுல இருக்கற பழைய ஹல்லர் சல்லடை (நீளமா வரிசையா ஓட்ட போட்ட தகடு, பின்னாடி லைட் வெச்சா சுவரே ரெடி). பம்ப் செட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள இருக்கற காயில். பழைய சக்கரம் சுத்துற கரண்ட் மீட்டரோட பல்லு. டைப்ரைட்டர் அடிவயிறு. பவர் டில்லர் கியர் பெட்டி மூடி, அதுவும் திருப்பிப் போட்டு. மொத்தமும் கிலோ கணக்கு.

அரைக்கால்_அங்குலம் · மே 1

ஹல்லர் சல்லடை. அது எனக்குத் தோன்றவில்லை. சரி, சுவருக்கு ஒப்புக்கொள்கிறேன். முன்பேனல் அமைப்பும் ஜன்னலும் அளவு மாறக் கூடாது. அதில் சமரசம் இல்லை.

கோரையாற்றங்கரை · மே 14

ஒரு சோகக் கதை. நண்பனோட 3டி பிரிண்டர்ல நாப்பது குமிழ், பதினாறு சுவிட்ச் காவல் வளையம் எல்லாம் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குல அடிச்சு, பெயிண்ட் பண்ணி, பேனல்ல மாட்டிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். கத்திரி வெயில். மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா குமிழெல்லாம் தூங்குமூஞ்சியா ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. வளையம் நீள்வட்டமாயிருச்சு.

மின்மினி_மயிலாடுதுறை · மே 14

பி.எல்.ஏ. 60 டிகிரி பக்கத்துல இளக ஆரம்பிச்சிடும். தகரக் கொட்டகையில, தகரத்துக்குப் பக்கத்துல, கறுப்புப் பெயிண்ட் அடிச்ச சாமான் மத்தியானம் அங்க போயிடும். பெட்ஜிங்கற பிளாஸ்டிக் 80 வரைக்கும் தாங்கும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 105 வரைக்கும். ஆனா ஏ.பி.எஸ். மூடின பெட்டி இல்லாத பிரிண்டர்ல விரிசல் விடும், புகையும் நாறும். பெட்ஜிக்கு மாறுங்க. தகரத்துக்கு அடியில தென்னங்கீத்து முடைஞ்சு ஒரு அடுக்கு கட்டுங்க, உங்களுக்கும் நல்லது.

லைட் பத்தியும் இப்பவே சொல்லிடறேன், எப்படியும் கேப்பீங்க. WS2812Bங்கற எல்.இ.டி. ஸ்ட்ரிப்புல ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில 60 மில்லி ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 300 எல்.இ.டி. போட்டா 18 ஆம்பியர், அதுவும் வெறும் 5 வோல்ட்டுல. ஒரு முனையில மட்டும் கரண்ட் குடுத்தா மறுமுனை காவி கலர்ல எரியும். ரெண்டு முனையிலயும், நடுவுலயும் தனித்தனியா ஒயர் குடுக்கணும். பவர் சப்ளை பக்கம் ஃபியூஸ் கட்டாயம். ஆர்டுயினோ பின்லேருந்து நேரா பல்பு எரிக்க நினைக்காதீங்க, ஒரு பின் 20 மில்லி ஆம்பியர்தான் நிம்மதியா தாங்கும்.

இன்னொண்ணு. எல்லா லைட்டும் மின்னக் கூடாது. பத்துல எட்டு சும்மா நின்னு எரியட்டும், ஒண்ணு மெதுவா, ஒண்ணு வேகமா. எல்லாத்தையும் மின்ன விட்டா கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆயிடும்.

அரைவேலி · மே 15

எங்க ஊரு மாரியம்மன் கோயில் சீரியல் செட்டுக்காரரு முன்னாடி ஒரு மோட்டார்ல உருளைய சுத்த வுட்டு, அதுமேல தகடு ஒட்டி, தகடு படறப்ப லைட் எரியறாப்ல வெச்சிருந்தாரு. அம்மன் கையில சக்கரம் சுத்தும். கம்ப்யூட்டர் கெடயாது. அந்த உருளை இன்னும் அவரு வீட்டுப் பரண்ல கெடக்கு. சும்மா சொன்னேன்.

மின்மினி_மயிலாடுதுறை · மே 15

அண்ணே, சும்மா சொன்னேன்னு சொல்லாதீங்க! அது பேசற சத்தமே போதும், டிக் டிக்னு. பின்சுவருக்கு அதுதான் வேணும். ஆனா 12 வோல்ட் மட்டும். 230 வோல்ட் திறந்த தகட்டுல, அதுவும் ஈரத் தரையில, வேணவே வேணாம்.

கோரையாற்றங்கரை · ஜூன் 13

நேத்து மேட்டூர் தொறந்தாச்சு. தண்ணி இங்க வர்றதுக்குள்ள முன்ஜன்னல முடிச்சிடணும்னு பாக்கறேன், அப்புறம் அப்பா வயல்லதான் நிப்பேன்.

முன்ஜன்னல் எப்படின்னா, நடுவுல சின்ன வளையம், வெளிய பெரிய வளையம், ரெண்டுக்கும் நடுவுல சட்டங்கள். தட்டையா இல்லாம புனல் மாதிரி முன்னால நீண்டுருக்கும். வெளி ஆரம் 47 அங்குலம், உள் ஆரம் 15, ஆழம் 24. இரும்புல வளைக்கலாம்னு மூணு லேத்துல கேட்டேன். அவ்ளோ பெரிய வளையத்துக்கு ரோலிங் மெஷின் இல்லங்கறாங்க.

அரைக்கால்_அங்குலம் · ஜூன் 13

அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மூக்குக் கண்ணாடி போலவே இருக்கும். பி-29 படங்களையும் பாருங்கள், சட்டங்கள் சந்திக்கும் இடங்கள் தெளிவாகத் தெரியும். கண்ணாடி மாட்டாதீர்கள். உள்ளே எரியும் லைட் எல்லாம் அதில் பிரதிபலித்து, வெளியே விண்மீனுக்குப் பதிலாக உங்கள் முகம்தான் தெரியும்.

கோரையாற்றங்கரை · ஜூன் 17

எழுதாம இருக்க முடியல. பக்கத்துத் தெருவுல ஒரு ஆசாரித் தாத்தா இருக்காரு. மாட்டு வண்டி செஞ்சவரு, இப்ப கதவு நெலைக்குக்கூட கூப்புடறதில்ல. பேச்சுத் துணைக்குக் கொட்டகைக்கு வந்தவரு சுவத்துல ஒட்டியிருந்த முன்ஜன்னல் படத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, “குடம் எதுக்கு இவ்ளோ பெருசா வெச்சிருக்கான்?”னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது. அவருக்கு அது வண்டிச் சக்கரம். நடுவளையம் குடம், சட்டம் ஆரக்கால், வெளிவளையம் வட்டை. வண்டிச் சக்கரத்துல வட்டை ஒரே மரமா வளைக்கறதில்ல. ஆறு துண்டா வளைவா அறுத்து, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஆரக்கால் எறக்கி, முட்டுக்கு முட்டு சேத்துடுவாங்க. நான் வளைக்க முடியலன்னு மூணு லேத்துக்கு அலைஞ்ச சாமான, அவரு வளைக்காமலே வாழ்நாள் பூரா செஞ்சிருக்காரு.

சிமெண்ட் தரையில ஆணி அடிச்சு, நூலக் கட்டி, சுண்ணாம்புக்கட்டியால முழு அளவுக்கு வட்டம் போட்டுட்டாரு. எஃப்ஸ்பைல நான் ரெண்டு வாரம் எடுத்தது, அவருக்கு ஒரு வெத்தல போடற நேரம். வட்டைக்கு நாட்டுக் கருவேலம்தான் வேணும்ங்கறாரு. “ஓடாத சக்கரத்துக்கு எதுக்கு தாத்தா கருவேலம்? பிளைவுட் போதும்”னா, ரெண்டு நாள் பேசல. இப்ப பிளைவுட்ட ரெண்டு அடுக்கா ஒட்டி அறுக்கறாரு, திட்டிக்கிட்டே.

பொன்மலை_ஓய்வு · ஜூன் 18

ஆறு துண்டு என்றால் குட்டி யானையிலும் ஏறும். பெரியவருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

சட்டங்களுக்கு நடுவே தகடு வைக்க வேண்டிய இடத்துக்குக் கணக்கு. புனலை விரித்தால் விசிறி வரும். வெளி ஆரம் 47 அங்குலம், உள் ஆரம் 15, ஆழம் 24 என்று எழுதியிருந்தீர்கள். ஆர வித்தியாசம் 32. 32-ஐயும் 24-ஐயும் தனித்தனியே வர்க்கம் செய்து கூட்டினால் 1600, அதன் மூலம் 40. சாய்வு நீளம் 40 அங்குலம். விசிறியின் வெளி ஆரம் 47 × 40 ÷ 32 = 58¾. விரியும் கோணம் 360 × 32 ÷ 40 = 288 டிகிரி. பன்னிரண்டு பாகம் என்றால் ஒன்றுக்கு 24 டிகிரி. முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள்.

டவரா_செட் · ஜூன் 18

சார், எங்க பட்டறையில புனல் போடற கணக்கு இதேதான். என்ன, மூலம் எல்லாம் எடுக்க மாட்டோம், பழைய புனல விரிச்சு வெச்சு வரைஞ்சுக்குவோம்.

கோரையாற்றங்கரை · ஆகஸ்ட் 4

நடவு முடிஞ்சு திரும்பிட்டேன். முன்ஜன்னல் ஏத்தியாச்சு, சல்லடைச் சுவர் எரியுது. அடுத்து லீவர். பி.வி.சி. பைப்புல செஞ்சேன், இழுக்கறப்ப வாளி கைப்பிடி மாதிரி லேசா இருக்கு. கனம் வேணும்.

டவரா_செட் · ஆகஸ்ட் 5

சுவாமிமலை இங்கேருந்து கூப்புடு தூரம். கைப்பிடிய வார்த்துடலாம். தேன்மெழுகோட குங்கிலியம், கொஞ்சம் கடலெண்ணெய் சேத்து மெழுகுல உருவம் புடிப்பாங்க. அதுமேல காவேரி வண்டல் மண்ண நைசா ஒரு பூச்சு. உங்க கைரேகை இருந்தாக்கூட அது எடுத்துக்கும். காஞ்சதும் மேல மேல கனமா மண்ணு, கம்பி கட்டு. அப்புறம் சூடு காட்டுனா மெழுகு ஓடிடும், அந்தப் பள்ளத்துல உலோகத்த ஊத்துவாங்க. அச்ச ஒடச்சுதான் எடுக்கணும், அதனால ரெண்டாவது பிரதி கெடயாது. பஞ்சலோகம் எல்லாம் வேணாம், பித்தள போதும். பழைய அண்டா உருக்குனது எங்கிட்டயே இருக்கு.

அரைக்கால்_அங்குலம் · ஆகஸ்ட் 5

படத்தில் அது பித்தளை நிறமல்ல.

(ஆனால் சாம்பல் பெயிண்ட் அடியுங்கள். பத்துப் பேர் இழுத்து இழுத்துக் கை படும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் எட்டிப் பார்க்கும். மற்றவர்கள் அந்தத் தேய்மானத்தைத் தூரிகையால் வரைகிறார்கள். உங்களுக்குத் தானாகவே வரும்.)

கோரையாற்றங்கரை · ஆகஸ்ட் 27

கைப்பிடி வந்தாச்சு. ஒண்ணே முக்கால் கிலோ. கீழ ஸ்பிரிங்கு ரெண்டு தடவை மாத்தினேன். இழுக்கறப்ப ஆசாரித் தாத்தா பின்னாடி நின்னு முட்டுக்கட்டை போடறவரு மாதிரி பாத்துகிட்டே இருந்தாரு.

அரைக்கால்_அங்குலம் · செப்டம்பர் 21

விடுமுறையில் ஊருக்கு வந்தேன், நேற்று நேரில் போய் டேப்பும் வெர்னியரும் வைத்து அளந்தேன். உண்மையை எழுதுகிறேன். வெளிவளையம் என் கணக்கைவிட 11 மி.மீ. பெரியது. இடது பக்கம் மூன்றாவது ஆரக்கால் அரை டிகிரி தள்ளி நிற்கிறது. பின்சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் காயில், பம்ப் செட் வைத்திருக்கும் எவருக்கும் அடையாளம் தெரியும், அதைத் திருப்பி மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார்.

ஆரக்காலைப் பெரியவரிடம் சொன்னேன். “தெரியும், மரத்துல கணு இருந்துச்சு”ன்னார். பிளைவுட்டில் ஏது கணு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோயில் உருளை பின்னால் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. பின் இருக்கை மட்டும் இன்னும் பிளாஸ்டிக் நாற்காலி. அதைச் சகிக்க முடியவில்லை.

கோரையாற்றங்கரை · செப்டம்பர் 21

முன்னாடி ரெண்டும் பழைய அம்பாசிடர் சீட்டுல சரி பண்ணியாச்சு. பின்னாடிக்கு 2,300 ரூபாதான் மிச்சம். யார்கிட்டயாவது உயரமான முதுகு வெச்ச பழைய சீட் ரெண்டு இருந்தா சொல்லுங்க.

அரைவேலி · செப்டம்பர் 22

நம்ம வீட்டு வேப்பமரத்தடியில பழைய அறுவடை மிசினு சீட்டு ரெண்டு கெடக்கு. ஒண்ணுல கோழி முட்டை வுடுது, அத வேற எடம் பாத்துக்கும். அடி போல்ட்டு துருவுல புடிச்சிருக்கு, மண்ணெண்ண ஊத்தி வெக்கிறேன். 17 ஸ்பேனர் எடுத்துட்டு வா.

வியாழக்கிழம வராத, சம்பா நடவு. வெள்ளி வா.